நோ-எசென்ஸ் அண்ணாச்சியின் பூப்பாகு

புனே நகரத்துப் பூச்செடிகள் எல்லாம் ஒரு மனிதரைக் கண்டு நடுங்கின என்றால், அது எங்கள் போபோடிப் பகுதி நோ-எசென்ஸ் அண்ணாச்சியைக் கண்டுதான். காலையில் துணிப்பையோடு அவர் சந்தில் இறங்கினால், காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செம்பருத்தி தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் செடிக்கு மட்டும் கால் இருந்திருந்தால், முதல் பஸ்ஸைப் பிடித்துப் பக்கத்து ஔந்துக்குக் குடிபோயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

பூவைக் காய்ச்சிப் பாகு எடுப்பதுதான் அண்ணாச்சியின் தொழில். தொழில் என்றதும் யாரோ வாங்குகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. யாரும் வாங்கவில்லை, யாரும் கேட்கவில்லை, கொடுத்தால்கூட யாரும் கையை நீட்டவில்லை. ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். மனைவி காலமாகிவிட்டார். மகன் கனடாவில். தனி ஆளுக்கு மாடியில் ஒரு அறையும் ஓர் அடுப்பும் இருந்தால் என்ன செய்வார்? ஒரு கைப்பிடி சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். இவர் தூங்கவில்லை. எங்கள் கட்டடத்துக்குச் சனி பிடித்தது அப்படித்தான்.

அவருடைய நிஜப் பெயர் சந்தில் யாருக்கும் தெரியாது. குரியர் கொண்டு வருகிறவன்கூட, "நோ-எசென்ஸ் அங்கிள் கிதர் ரஹ்தே ஹை?" என்றுதான் அவர் வீட்டை விசாரிப்பான். காரணம், அண்ணாச்சி எதைப் பேசினாலும் கடைசியில் அந்த ஒரு வாக்கியம் வந்து நிற்கும்.

"குட் மார்னிங் அண்ணாச்சி."

"குட் மார்னிங் வே. நேத்து மல்லியப்பூப் பாகு எடுத்தேன். எசென்ஸ் கெடையாது."

சாவு வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். அடுத்த சந்தில் ஒருவர் தவறிப்போனபோது, அழுதுகொண்டிருந்த அவர் மகனின் கையில் ஒரு டம்ளரைத் திணித்து, "குடிப்பா, தெம்பா இருக்கும். எசென்ஸ் கெடையாது" என்றார். அந்தப் பையன் ஒரு வாய் குடித்தான். அழுகை நின்றது. துக்கம் தீர்ந்து நின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்களுடையது மூன்று அடுக்குக் கட்டடம். கீழே ஒரு மராட்டிய அம்மாள். அவரை எல்லாரும் காகு என்று கூப்பிடுவோம். நடுவில் நானும் என் மனைவி விஜயாவும். மேலே அண்ணாச்சி. தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பாகும் அப்படியே. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், மாடிப்படியில் டம்ளர் இறங்கி வரும் சத்தம் கேட்கும்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வார்த்தை எனக்கு வராது. நான் ஒரு கம்பெனி வாசலில் உட்கார்ந்து கேட் பாஸ் எழுதிக் கொடுக்கிறவன். பத்தாவது படித்தவனுக்கு அது போதும். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கடையில் கொத்தமல்லி கேட்டு, கடைக்காரர் கறிவேப்பிலையைக் கட்டிக் கொடுத்தால், சரி, அவருக்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று வாங்கிக்கொண்டு வருகிறவன் நான். இந்த விஷயத்தை அண்ணாச்சி வந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பதினோரு வருஷமாக அவருடைய பாகுக்குச் சோதனை எலி நான்தான்.

சும்மா குடித்துவிட்டுப் போக முடியாது. முறை இருக்கிறது. முதலில் வாய் கொப்பளிக்க வேண்டும். வெங்காயம் தின்றிருக்கக் கூடாது. முதல் வாயை விழுங்காமல் நாக்கில் வைத்து மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். பிறகு விழுங்கிவிட்டு, என்ன பூ என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் தண்டனையாக இன்னொரு டம்ளர். சரியாகச் சொன்னால் சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர்.

"என்ன பூ? சொல்லும் பாப்போம்."

"ரோஜாவா அண்ணாச்சி?"

"ரோசாவா! வே, நாக்க எங்கவே அடகு வெச்சீரு? இது செம்பகம்!"

எனக்கு எல்லாமே ரோஜாதான். உண்மையில் எல்லாமே சர்க்கரைதான். எந்தப் பூவைப் போட்டாலும் அண்ணாச்சி அதன் தலையில் ஒரு மூட்டை சர்க்கரையைக் கொட்டிவிடுவார். அந்தப் பூ உள்ளே மூச்சுத் திணறிச் செத்துக் கிடக்கும். அதைத்தான் நாங்கள் நாக்கால் அடையாளம் காட்ட வேண்டும்.

ஒரு தடவை கனகாம்பரத்தைக் காய்ச்சினார். கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது என்று ஊருக்கே தெரியும். அது கண்ணுக்கு மட்டுமான பூ. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. வழக்கம்போல டம்ளர் வந்தது. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். இந்த ஒரு முறையாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று, "ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அதான்வே கனகாம்பரம்! தத்ரூபமா வந்திருக்கு பாத்தீரா!"

தசராவுக்கு மறுநாள் புனேயில் தெருவெல்லாம் விற்காத சாமந்தி மலைமலையாகக் கிடக்கும். எங்களுக்கு அது குப்பை. அண்ணாச்சிக்கு அது புதையல். அந்த வருஷச் சாமந்திப் பாகு லாரி ரேடியேட்டரில் ஊற்றவேண்டிய தண்ணீர் போலிருந்தது. குடித்தபின் இரண்டு நாள் எனக்குச் சோறு, சாம்பார், பற்பசை எல்லாம் ஒரே ருசி. காகுவுக்கு, மராட்டியப் புத்தாண்டான குடி பாட்வாவுக்குச் செய்த ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பில் செம்பருத்திப் பாகை ஊற்றிக் கொடுத்தார். கிண்ணத்தைத் திறந்து பார்த்த காகு, யாருக்கோ கை வெட்டிவிட்டது என்று பஞ்சு எடுக்க ஓடினார்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டு ஜாமூனை மல்லிகைப் பாகில் ஊறப்போட்டுத் தருகிறேன் என்று பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்த ஜாமூனை விஜயா ஒன்று வாயில் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள்.

"இன்னாங்க இது, வாயத் தொறந்தா கல்யாண மண்டபம் மாதிரி வாசன அடிக்குது! தலைல வெக்கிறத வயித்துல வெச்சா எப்புடி? இந்தாளுக்குப் பைத்தியமா இன்னா?"

"மெதுவாப் பேசு. மேல கேட்டுடும்."

"கேக்கட்டும்! பதினோரு வருஷமா நீங்க மெதுவாப் பேசித்தான் என் வூட்டு ஜாமூன் இந்த கதிக்கு வந்துச்சு!"

விஜயாவின் கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. அது சங்குப்பூ விவகாரம். அண்ணாச்சிக்குப் பாகு எப்போதும் உண்டு, பாட்டில்தான் பஞ்சம். கிடைத்த பாட்டிலைச் சுடுதண்ணீரில் கழுவி நிரப்பிவிடுவார். சங்குப்பூப் பாகு நல்ல அடர் நீலம். அதை அவர் எங்களுக்குக் கொடுத்தது, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தின் பழைய பாட்டிலில். பெயர்ச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. நான் அதை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல், குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை விஜயா என் வெள்ளைச் சட்டைகள் மூன்றையும் வாளியில் முக்கி அலசினாள். நீலம் கொஞ்சம் பிசுபிசுக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. புதுச் சரக்கு போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு மூடி ஊற்றியிருக்கிறாள். சட்டைகள் காய்ந்து அட்டை மாதிரி நின்றன. கஞ்சி போடாமலே இந்த விறைப்பா என்று அவளுக்கு ஒரே பெருமை. திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கேட்டில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு முதல் எறும்பு வந்தது. பதினொரு மணிக்கு அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மதியம் வெயில் ஏற ஏற, வியர்வை பட்ட இடமெல்லாம் நீலம் ஊதாவாக மாறிற்று. மேனேஜர் தன் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். 

மன்னிப்புக் கேட்க அண்ணாச்சி வருவார் என்று விஜயா இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். வந்தார். சட்டையைப் பிடுங்கி அக்குள் பக்கத்தை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"பாத்தீரா வே! சங்குப்பூல புளிப்பு பட்டா நெறம் மாறும்னு நான் சொல்லல? ஒம்ம வேர்வைல புளிப்பு இருக்கு! எசென்ஸா இருந்தா இப்படி மாறுமா? நீரே சொல்லும்!"

இவரை என்ன செய்வது?

இவ்வளவு பேரை வதைத்தாலும் அந்த மனிதருக்குள் ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தான் துரத்திப் போய் ஊற்றாமல், ஜனங்கள் தாங்களாக வந்து கையை நீட்டித் தன் பாகை வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நடந்தால் போதும். அதற்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது.

எங்கள் பகுதித் தமிழர்களுக்கு ஒரு சின்ன மாரியம்மன் கோயில் உண்டு. சித்திரையில் பால்குடம் எடுப்பார்கள். பெண்கள் விரதமிருந்து, செருப்பில்லாமல், கொதிக்கிற தார் ரோட்டில் குடம் சுமந்து வருவார்கள். வழியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே பந்தல் போட்டு அவர்களுக்கு நீர்மோரும் பானகமும் கொடுப்பது எங்கள் சந்துக்காரர்களின் பொறுப்பு. வழக்கமாக மோர் கலக்குகிறவர் அந்த வருஷம் நிக்டிக்கு வீடு மாறிப் போய்விட்டார். கோயில் கமிட்டிக் கூட்டத்தில், யார் செய்வது என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

தலைவருக்குச் சாமந்திப் பாகின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தொண்டையைத் தடவிக்கொண்டார். "அண்ணாச்சி, இது சாமி காரியம். உங்க எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் இங்க வேணாம்."

"நாட்டு ரோசா மட்டுந்தான். எலுமிச்சம்பழம், பச்சத் தண்ணி. வேற ஒண்ணும் கெடையாது. எசென்ஸும்..."

"அது தெரியும். ஏதாச்சும் ஏடாகூடமாச்சுன்னா, அதுக்கப்புறம் உங்க கையால இந்த சந்துல ஒருத்தரும் ஒரு சொட்டு தொட மாட்டாங்க. கமிட்டில எழுதி வெச்சிடுவேன். சரியா?"

"சரி வே" என்றார் அண்ணாச்சி.  அவரிடம் அடுப்பையும் பூவையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை என்பது தலைவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏடாகூடமானால் என் சாயங்காலங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

பூ வாங்க என்னைத்தான் கூட்டிப்போனார். மார்க்கெட்டில் ஒவ்வொரு குவியலிலும் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தார். பூக்காரர் பொறுமை இழந்து, "அரே சாச்சா, லேனா ஹை யா ஸிர்ஃப் சூங்க்னா ஹை?" என்று கேட்டார். வாங்கப் போகிறாயா, வெறுமனே மோந்து பார்க்கப் போகிறாயா? அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினேழாவது குவியலில் தலையை நிமிர்த்தினார். மூக்கு நுனியில் மகரந்தம். "இது" என்றார். அதைச் சுமந்துகொண்டு வந்தவன் நான்.

பிறகு இரண்டு நாள் எங்கள் வீடு வீடாக இல்லை. ரோஜா இதழின் அடியில் வெள்ளையாக ஒரு முனை இருக்கும். அது கசக்குமாம். ஒவ்வொரு இதழிலும் அதைக் கிள்ளி எடுக்க வேண்டுமாம். நானும் விஜயாவும் காகுவும் சுற்றி உட்கார்ந்து கிள்ளினோம். விஜயா கிள்ளிய வேகத்தைப் பார்த்தால் அவள் மனசில் யாரைக் கிள்ளினாள் என்பது தெரிந்தது.

"தங்கச்சி, மெல்ல. இதழு நோவும்."

"என் வெரலு நோவுதே அது தெரியலியா அண்ணாச்சி?"

இதழைக் கழுவி, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடி வைத்தார். சிவப்பெல்லாம் தண்ணீரில் இறங்கியதும் துணியில் வடிகட்டினார். பிறகு சர்க்கரை. அடுப்பில் அண்டா ஏறியதும் யாரும் பேசக் கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே பாகைத் தொட்டுப் பிரித்து, கம்பி வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பார். லேத்தில் நூலளவு அளந்து பழகிய கை. கம்பி வருவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்க வேண்டுமாம். அந்த ஒரு நொடிக்காக நாங்கள் மூவரும் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் நின்றோம். காகுவுக்குத் தும்மல் வந்தது. வாசலுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்.

பால்குடத்தன்று பந்தலில் இரண்டு பெரிய டிரம்களில் ரோஜா சர்பத் தயாராக நின்றது. அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் கரண்டியோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். தூரத்தில் மேளச் சத்தம். அப்போதுதான் எல்லாம் கெட்டது.

கெடுத்தது காகு. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பக்கத்தில் நின்ற தலைவரின் மனைவியிடம் அண்ணாச்சியைப் புகழத்தான் ஆரம்பித்தார். "கித்னா மெஹ்னத் கர்தா ஹை பேச்சாரா! மந்திர் ஸே சார் போரா ஃபூல் லாயா." எவ்வளவு பாடுபடுகிறார் பாவம், கோயிலிலிருந்து நாலு மூட்டை பூ கொண்டு வந்தார் என்று அர்த்தம்.

காகு சொன்னது பொய்யில்லை. முந்தின வாரம் நாலு மூட்டை வந்தது உண்மை. சாமி கழுத்தில் வாடிய மாலைகளை இங்கே நிர்மால்யம் என்று தனியாகச் சேர்த்து வைப்பார்கள். குப்பையிலும் போடக் கூடாது, ஆற்றிலும் போடக் கூடாது. அண்ணாச்சி பூசாரியிடம் கேட்டு அதை வாங்கி, மொட்டை மாடியில் தகர டப்பாக்களில் தான் வளர்க்கும் ரோஜாச் செடிகளுக்கு உரமாகப் போடுவார். மூட்டை படியேறியதைக் காகு பார்த்தார். சில நாளில் பாகு படியிறங்கியதையும் பார்த்தார். கிள்ளிய ரோஜாவும் அந்த மூட்டையிலிருந்துதான் வந்தது என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். நடுவில் நான் ஒருவன் மார்க்கெட்டிலிருந்து பூ சுமந்து வந்தது அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

தலைவரின் மனைவி தலைவரிடம் சொன்னார். தலைவர் மைக்கைக் கீழே வைத்தார். ஆனால் அதை அணைக்கவில்லை. ஆகவே அவர் பேசியது முழுச் சந்துக்கும் கேட்டது.

"யோவ் அண்ணாச்சி! சாமி கழுத்துலேந்து கழட்டிப் போட்ட பூவையா ஜூஸ் போட்டு வெச்சிருக்கீங்க?"

பால்குடம் வந்து சேர்ந்தது. குடத்தை இறக்கிய பெண்கள் உதடு காய்ந்து நின்றார்கள். ஒருவரும் டம்ளரை எடுக்கவில்லை. எடுத்த ஒருவரும் திரும்ப வைத்துவிட்டார். அண்ணாச்சி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். விளக்கிச் சொல்ல வேண்டிய நேரம். ஒரே ஒரு வார்த்தை, மார்க்கெட் என்று சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார்.

"இதுல எசென்ஸ் கெடையாது வே!"

பாவி மனிதர்! யார் எசென்ஸைப் பற்றிக் கேட்டார்கள்?

"டிரம்ம சாச்சுடுங்கப்பா" என்றார் தலைவர். இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி தடுக்கவில்லை. கரண்டியை மட்டும் மெல்ல டிரம் மூடிமேல் வைத்தார். 

உண்மையைக் கண்ணால் பார்த்த ஆள், அண்ணாச்சியை விட்டால், அந்தப் பந்தலில் நான் ஒருவன்தான். மூட்டையை மொட்டை மாடிக்குத் தூக்கியவன் நான். ரோஜாவைச் சுமந்தவன் நான். நான் பேச வேண்டும். இருநூறு பேர் முன்னால்.   பக்கத்தில் விஜயா முழங்கையால் ஓர் இடி இடித்தாள். அந்த இடியில் ஒரு வார்த்தை வெளியே வந்து விழுந்தது.

"உரம்!"

மைக் இன்னும் அணையவில்லை.

"உரமா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கிறீச்சிட்டது. "அய்யய்யோ, உரத்தையா கலக்கி வெச்சிருக்காங்க!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. என் பேச்சின் லட்சணம் இதுதான். பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், திறந்த ஒரே தடவையில் அந்த மனிதரைக் குழியில் தள்ளி மண்ணும் போட்டுவிட்டேன். இனி இன்னொரு வார்த்தை பேசினால் போலீஸ்தான் வரும்.

ஆகவே நான் பேசவில்லை. டிரம்முக்கு நேராக நடந்தேன். கரண்டியை எடுத்தேன். ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் குடித்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சாகவில்லை என்று தெரிந்தது. இரண்டாவது ஊற்றினேன். மூன்றாவது. நான்காவது டம்ளரில் என் காது வழியாகச் சர்க்கரை வருவது போலிருந்தது. ஐந்தாவதை எடுத்தபோது விஜயா பொறுக்கமாட்டாமல் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கேளுங்க! அந்த நாலு மூட்டையும் ரோஜாத் தொட்டிக்கு உரமாப் போட்டாங்க. தூக்கினு போனது எங்க வூட்டுக்காரரு. இந்த சர்பத்துப் பூ மார்க்கெட்லேந்து வந்துச்சு. அதத் தூக்கினு வந்ததும் இவருதான். ஒவ்வொரு இதழா நான் கிள்ளினேன். என் நகத்தப் பாருங்க, இன்னும் செவப்பு போகல! இவரு வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாரு, குடிச்சுக் குடிச்சே சாவாரு. யாராச்சும் வந்து அந்த டம்ளர வாங்கிக் குடிங்கப்பா!"

முதலில் வந்தது காகு. விஷயம் இந்தியில் விளக்கப்பட்டதும், தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, "மலா பண் தே" என்று கையை நீட்டினார். எனக்கும் கொடு. அதற்குப் பிறகு பால்குடம் சுமந்து வந்த ஒரு பெண். அப்புறம் அவளுக்குப் பின்னால் நின்றவள். பிறகு யார் முதலில் யார் பிறகு என்று சொல்ல முடியாத கூட்டம். யாரையும் அண்ணாச்சி துரத்தவில்லை. அவரவர் கையை அவரவர் நீட்டினார்கள். வாய் கொப்பளிக்கச் சொல்லவும், பத்து எண்ணச் சொல்லவும், என்ன பூ என்று கேட்கவும் அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். தலைவர் கடைசியாக வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் நின்று இரண்டு டம்ளர் குடித்தார்.

மேளம் கோயில் பக்கம் போய்விட்டது. இரண்டு டிரம்மும் காலி. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றார். நன்றி சொல்வார் என்று பயந்தேன். எனக்கு அதற்கும் பதில் சொல்லத் தெரியாது.

அவர் நன்றி சொல்லவில்லை. குனிந்து, மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"சக்கர கூடிட்டோ வே?"

பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல அண்ணாச்சி. சரியா இருந்துச்சு" என்றேன்.

அவர் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். "பொய் சொல்லாதேயும்" என்றார். பிறகு பந்தலுக்குப் பின்னால் போய், ஈரத்துணி சுற்றிய ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இது ஒமக்குன்னு தனியா காய்ச்சினது. சக்கர பாதிதான். ஒவ்வொரு தடவயும் குடிக்கும்போது ஒம்ம மூஞ்சி போற போக்க நான் பாக்கலைன்னு நெனச்சீரா?"

அந்தப் பாட்டிலை நான் ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. விஜயாவுக்குக்கூட ஒரு சொட்டு கொடுக்கவில்லை.